சிவப்பணுவைக் கடக்கும் ஒளி எவ்வளவு தாமதமாகிறது?

சேலத்தில் எந்த ரத்தப் பரிசோதனைக் கூடமானாலும், சிவப்பணுக்களின் வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பூசி, உலர்த்தி, லீஷ்மன் போன்ற ஒரு சாயத்தை ஊற்றுவார்கள். சாயம் இல்லாத தனிச் சிவப்பணு சாதாரண நுண்ணோக்கியில் மங்கலாகவே தெரியும். விழும் ஒளியில் பெரும்பகுதியை அது அப்படியே கடத்திவிடுகிறது. சாயமேற்றினால் நன்றாகத் தெரியும். ஆனால் அதற்குள் செல் இறந்து, உலர்ந்து, தட்டையாகியிருக்கும். உயிரோடு இருந்தபோது அதற்கு இருந்த தடிமனையும் துடிப்பையும் அந்தத் தகட்டில் தேடிப் பயனில்லை.

ஹோலோகிராஃபி நுண்ணோக்கி உயிருள்ள செல்லையே அளக்கிறது. செல்லைக் கடக்கும் ஒளி பெரிதாக மங்காவிட்டாலும் சற்றே பின்தங்கிவிடுகிறது. இந்தப் பின்தங்கலைத்தான் அது பிடிக்கிறது. ஏற்காட்டிலிருந்து இரண்டு பஸ்கள் ஒன்றாகக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். கொண்டை ஊசி வளைவுகள் வழியே இறங்கும் பஸ் மூடுபனியில் சிக்குகிறது. குப்பனூர் வழியே வரும் பஸ்ஸுக்குத் தெளிவான சாலை. முதல் பஸ் வழக்கத்தைவிட எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்தே பனியைப் பற்றிச் சொல்லிவிடலாம். கருவியிலும் லேசர் கற்றை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று செல்லைக் கடக்கிறது, மற்றது தடையின்றி வருகிறது. இரண்டும் கேமரா சென்சாரில் மீண்டும் சேரும்போது ஒளியும் இருளுமாக மெல்லிய வரிகள் தோன்றுகின்றன. செல் இருக்கும் இடத்தில் மட்டும் அந்த வரிகள் வளைந்திருக்கும். அந்த வளைவிலிருந்துதான் தாமதத்தைக் கணக்கிடுகிறார்கள்.

தாமதம் மிகச் சிறியது. சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். விளிம்பில் சுமார் 2.5 மைக்ரோமீட்டர் தடிமன், குழிந்த நடுவில் ஏறத்தாழ 1. செல்லின் ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு மெதுவாக்குகிறது என்பதன் அளவு) சுற்றியுள்ள திரவத்தைவிட ஏறக்குறைய 0.06 அதிகம் என்று கொண்டால், விளிம்பைக் கடக்கும் ஒளி 150 நானோமீட்டர் அளவுக்குப் பின்தங்கும். 633 நானோமீட்டர் சிவப்பு லேசருக்கு அது கால் அலைதான். அந்தக் கால் அலைக்குள் நடப்பதை நானோமீட்டர் கணக்கில் படிக்க முடிகிறது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. இயற்பியலாளர் டென்னிஸ் காபோர் 1948-ல் ஹோலோகிராஃபி என்ற கருத்தை வெளியிட்டபோது லேசரே கிடையாது; அது 1960-ல்தான் வந்தது. 1971-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு சிக்கல் உண்டு. பஸ் பிந்தியதற்குக் காரணம் பனி நெடுந்தூரம் படர்ந்திருந்ததா, அடர்ந்திருந்ததா? தாமதத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. செல்லிலும் தடிமனும் ஹீமோகுளோபின் அடர்த்தியும் இப்படித்தான் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன. அதனால் அதே செல்லை, ஒளிவிலகல் எண் வேறான இரண்டு திரவங்களில் வைத்து அளக்கிறார்கள். தடிமன் மாறாமல் தாமதம் மட்டும் மாறுவதால் இரண்டையும் பிரித்தெடுக்கலாம். இரு திரவங்களின் சவ்வூடுபரவல் அழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் செல் உப்பியோ சுருங்கியோ கணக்கைக் கெடுத்துவிடும். பிரித்த பிறகு கன அளவு சுமார் 90 ஃபெம்டோலிட்டர், ஹீமோகுளோபின் சுமார் 30 பிக்கோகிராம் என்று ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியே எண்கள் கிடைக்கின்றன. செல்லைச் சூழ்ந்த சவ்வு பல பத்து நானோமீட்டர் அளவுக்குத் துடிப்பதும் பதிவாகிறது. விறைத்த செல்லில் இந்தத் துடிப்பு அடங்கிவிடும்.

இந்த எண்களை வைத்துக் கணினி செல்களை வகைப்படுத்துகிறது: குழிந்த தட்டு, உருண்டை, முள் முளைத்தது, அரிவாள் வடிவம். ரத்த வங்கியில் வாரக்கணக்கில் வைத்திருக்கும் செல்கள் தட்டு வடிவத்திலிருந்து முள் வடிவத்துக்கு மாறிக்கொண்டே போவதை இப்படி அளந்து பார்க்கலாம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு இதில் என்ன இருக்கிறது? அரிவாள் செல் நோய் என்பது ஹீமோகுளோபின் மரபணுவில் உள்ள மாற்றத்தால் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவத்தில் வளைந்து விறைத்துப்போகும் பரம்பரை நோய். அதை ஒழிக்க 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டம் பழங்குடி மக்களை முதன்மையாகக் கொண்டது. தமிழ்நாடும் அதில் அடங்கும். நம் நாட்டில் அரிவாள் செல்லை முதலில் கண்டதே 1952-ல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். ஆனால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்றவரின் செல்கள் பொதுவாக இயல்பான வடிவத்தில்தான் இருக்கும். வடிவத்தைப் பார்த்து அவரை அடையாளம் காண முடியாது. அதற்கு ஹீமோகுளோபினின் வகையையே பிரித்துக் காட்டும் ஆய்வு தேவை. ஆகவே மலைமேல் உள்ள சுகாதார நிலையத்துக்கு முதலில் வந்து சேர வேண்டியது அந்த ஆய்வு வசதிதான் என்பது என் கருத்து. நோய் உறுதியானவருக்குச் சிகிச்சையால் செல்களின் விறைப்பு குறைகிறதா என்று தொடர்ந்து பார்க்க, சாயமே வேண்டாத இந்த நுண்ணோக்கி உதவக்கூடும். இரு கற்றைகளும் ஏறத்தாழ ஒரே பாதையில் செல்லும் வடிவமைப்பு இப்போது இருக்கிறது. அதிர்வு இரண்டையும் ஒன்றுபோல் பாதிப்பதால், அதிர்வடக்கிய கனத்த மேசை இல்லாமலும் அது வேலை செய்யும்.