ஆஸ்டியோகிளாஸ்ட்: எலும்பை அரிக்கும் செல்

எலும்புப்புரை பற்றிய மருத்துவக் கட்டுரை எதை எடுத்தாலும் கொஞ்ச தூரத்துக்குள் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற சொல் வந்துவிடும். பக்கத்திலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் என்று இன்னொன்றும் நிற்கும். காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வேலையோ நேரெதிர். முதலாவது எலும்பைக் கரைத்து எடுக்கிறது, இரண்டாவது புது எலும்பை இடுகிறது. பொருள் தெரியாமல் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்கிற மாணவர் இரண்டையும் மாற்றி எழுதுவதில் வியப்பில்லை.

கிரேக்க மொழியில் ஆஸ்டியோன் என்றால் எலும்பு. கிளாஸ்டோஸ் என்றால் உடைந்தது. பிளாஸ்டோஸ் என்றால் முளை. வழிபாட்டு உருவங்களை உடைப்பவரை ஐகனோகிளாஸ்ட் என்பதும், பாறையிலிருந்து உடைந்த துண்டுகளை நிலவியலில் கிளாஸ்ட் என்பதும் அதே வேரிலிருந்து வந்தவைதான். கோணலாகக் கூடிய எலும்பை நேராக்குவதற்காக வேண்டுமென்றே முறிக்கும் ஓர் அறுவைக் கருவிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர் இருந்தது. அந்தக் கருவிக்கு இந்தப் பெயர் கச்சிதம். செல்லுக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

செல்லை முதலில் விவரித்தவர்களில் ஒருவர் பிரான்சின் சார்ல் ரோபின். எலும்பு மஜ்ஜையில் பல உட்கருக்களோடு கிடந்த பெரிய செல்களுக்கு 1849-இல் அவர் வைத்த பெயர் மையலோபிளாக்ஸ். அவற்றின் வேலை என்ன என்று அந்தப் பெயர் சொல்லவில்லை. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து உடற்கூறியலாளர் ஆல்பர்ட் கோலிகர், இந்தச் செல்கள் எலும்பின் பரப்பில் உள்ள சிறு குழிகளில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார். குழியைத் தோண்டியவை இவையே என்று முடிவு கட்டி 1873-இல் ஆஸ்டோகிளாஸ்ட் என்று பெயரிட்டார். அவர் கண்டது உயிரற்ற திசுவின் மெல்லிய சீவல்களை. குற்றம் நடந்த இடத்தில் நின்றவரையே குற்றவாளி என்று சொன்ன மாதிரிதான். அந்த ஊகம் சரி என்பதை ஆய்வகத்தில் நேரடியாகக் காட்டுவதற்குள் நூறு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

இந்தச் செல் எதையும் உடைப்பதில்லை. எலும்புப் பரப்பில் விளிம்பு முழுவதும் வளையமாக ஒட்டிக்கொள்கிறது. வளையத்துக்கு உள்ளே அடைபட்ட இடத்தில் ஹைட்ரஜன் அயனிகளைப் பாய்ச்சி, கார அமிலத்தன்மை அளவை (pH; இது குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறக்குறைய 4.5 வரை இறக்குகிறது. அந்த அமிலத்தில் சுண்ணாம்புச் சத்து கரைகிறது. எஞ்சி நிற்கும் கொலாஜன் நாரைக் கதெப்சின்-கே என்ற நொதி நறுக்குகிறது. கரைந்ததைச் செல் உள்வாங்கி முதுகுப்புறமாக வெளியேற்றிவிட்டு, அடுத்த இடத்துக்கு நகர்கிறது.

அதனால்தான் 'எலும்பு உடைக்கும் செல்' என்ற நேர் பெயர்ப்பு எனக்கு உவப்பாக இல்லை. 'எலும்பு முறிவு' என்பதோடு போய் ஒட்டிக்கொள்ளும். எலும்புச் சிதைப்புச் செல் என்பதில் தவறில்லை, ஆனால் எப்படிச் சிதைக்கிறது என்பது அதில் தெரியவில்லை. உருக்குதல் என்ற வினை அருகில் வருகிறது. அதற்கும் ஒரு தடை உண்டு: எலும்புருக்கி என்பது தமிழில் ஏற்கெனவே காசநோயின் பெயர். எனக்குப் பொருத்தமாகப் படுவது 'அரி' என்ற வினை. துரு இரும்பை அரிக்கிறது, அலை கரையை அரிக்கிறது. பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தெடுத்துப் பள்ளம் விட்டுச் செல்வதைத் தமிழ் அரிப்பு என்றுதான் சொல்கிறது. ஆகவே எலும்பரி செல். இலங்கை வழக்குப்படி கலம் என்று எழுதுபவர்கள் என்பரி கலம் எனலாம். என்பு குறளிலேயே இருக்கும் சொல், இலங்கை அறிவியல் தமிழில் இன்றும் புழங்குகிறது. தோல் அரிப்போடு குழம்புமே என்று கேட்கலாம். மண்ணரிப்பு என்றதும் யாரும் சொறிவதை நினைப்பதில்லையே. கூட்டுச் சொல்லில் அந்தக் குழப்பம் வராது.

ஆய்வகத்தில் இந்தச் செல்லை அடையாளம் காட்டுவதும் கடைசியில் அது அரித்துவிட்டுப் போன குழிதான்.

எலும்பரி செல்லை எலும்பிலிருந்து உரித்தெடுப்பது கடினம். எண்ணிக்கையும் குறைவு, எளிதில் செத்தும் போகும். அறுவையில் எடுத்த ராட்சத செல் கட்டிகளிலிருந்து மனித எலும்பரி செல்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 1980-களின் நடுவில், பிரித்தெடுத்த செல்களை எலும்பு அல்லது பல்தந்தச் சீவலின் மேல் விட்டு, அவை தோண்டும் குழியைப் பார்க்கும் முறை வந்தது. கோலிகரின் ஊகத்தை அதில் கண்ணெதிரே பார்க்க முடிந்தது. பிறகு 1998-இல் எலும்பரி செல் உருவாவதில் ரேங்க்-எல் என்ற புரதத்தின் பங்கு அடையாளம் காணப்பட்டது. ரத்தத்தில் ஓடும் மோனோசைட் என்ற வெள்ளணுவை எலும்பரி செல்லாக மாறச் சொல்லும் கட்டளை அதுதான். எம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணியோடு அதைச் சேர்த்துக் கொடுத்தால் போதும், சாதாரண ரத்தத்திலிருந்தே மனித எலும்பரி செல்களை வளர்க்கலாம் என்று ஆகிவிட்டது. இந்தத் துறையை மாற்றியது இந்த ஒரு கண்டுபிடிப்பு என்று தயங்காமல் சொல்வேன்.

வேலை இப்படி நடக்கும். கொடையாளரின் ரத்தத்தை நீர்த்து, ஃபைகால் கரைசலின் மேல் கலங்காமல் மெதுவாக ஊற்றி, மையவிலக்கியில் சுற்றுவார்கள். சிவப்பணுக்கள் அடியில் படியும், மேலே மஞ்சள் நிறப் பிளாஸ்மா நிற்கும், நடுவே வெண்மையாக ஒரு புகைவளையம் போலத் தெரியும். அதைத்தான் பிப்பெட்டால் உறிஞ்ச வேண்டும். அதிலிருந்து மோனோசைட்டுகளைக் காந்த மணிகளால் பிரித்து, குழித்தட்டில் இட்டு, 37 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் வைப்பார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வளர்ப்பு ஊடகத்தை மாற்ற வேண்டும். ஒரு வாரம் ஆகும்போது செல்கள் ஒன்றோடொன்று இணையத் தொடங்கும். அப்புறம் பார்த்தால் பத்து, இருபது உட்கருக்களோடு தட்டையாகப் பரந்து கிடக்கும். எலும்புச் சீவலில் நல்ல குழிகள் விழ இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். எலிச் செல்லுக்கு ஒரு வாரமே போதும் என்பதால் பலர் எலியோடு நின்றுவிடுகிறார்கள். அதிலும் சிக்கல் உண்டு. ரேங்க்-எல்லைத் தடுத்து எலும்புப்புரைக்குப் பயன்படும் டெனோசுமாப் மருந்து, எலியின் ரேங்க்-எல்லோடு ஒட்டுவதே இல்லை. மனிதருக்கான இப்படிப்பட்ட மருந்துக்கு எலிச் செல்லிடம் பதில் கிடைக்காது.

வளர்ந்தவை எலும்பரி செல்கள்தானா என்று பார்க்க முதலில் டிராப் சாயம் போடுவார்கள். டார்ட்ரேட்டுக்கு அசையாத அமில பாஸ்பட்டேஸ் என்ற நொதி இருக்கும் செல்கள் செந்நிறமாகும். செந்நிறமாகி மூன்று அல்லது அதற்கு மேல் உட்கரு கொண்டவற்றை எண்ணுவது வழக்கம். இந்த எண்ணிக்கையை மட்டும் நம்புவது ஆபத்து என்பது என் கருத்து. கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களும் தூண்டப்பட்டால் இந்தச் சாயத்தை ஏற்கும், அவையும் ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருச் செல்களாகும். ஆனால் அவை குழி தோண்டாது. அதனால் சீவலிலிருந்து செல்களைக் கழுவி அகற்றி, டொலூடின் நீலம் ஏற்றி, குழிகளின் பரப்பை அளக்க வேண்டும். உருண்டைக் குழிகளும் இருக்கும், நீண்ட வாய்க்கால் போன்ற பள்ளங்களும் இருக்கும். ஊடகத்தில் சேர்ந்திருக்கும் கொலாஜன் துண்டுகளை அளப்பது இன்னொரு வழி. இன்னொரு நுணுக்கம்: ஊடகத்தின் அமிலத்தன்மை சற்றுக் குறைந்திருந்தாலே செல்கள் எலும்பை அரிக்காமல் சும்மா கிடக்கும். அதனால் கடைசி நாள்களில் ஊடகத்தைக் கொஞ்சம் அமிலமாக்குவது உண்டு. இதைக் கவனிக்காமல் 'மருந்து அரிப்பைத் தடுத்தது' என்று எழுதினால் முடிவே பிசகிவிடும்.

செல் உருவாவது வேறு, உருவான செல் அரிப்பது வேறு. இந்த வேறுபாட்டின் எடை, பளிங்கு எலும்பு நோயோடு பிறக்கும் குழந்தைகளைப் பார்த்தால் தெரியும். இவர்களின் எலும்பு கரைக்கப்படாமல் இறுகிப்போய், மஜ்ஜைக்கே இடமில்லாமல் ஆகிறது. குழந்தையின் ரத்தத்திலிருந்து எலும்பரி செல்களை வளர்த்துப் பார்க்கிறார்கள். சிலரில் பெரிய செல்கள் ஏராளமாக உருவாகும், ஆனால் சீவலில் ஒரு குழியும் விழாது. அமிலம் பாய்ச்சும் புரதத்தில் பிழை. இவர்களுக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை கைகொடுக்கலாம். வேறு சிலரின் எலும்பில் எலும்பரி செல்லே இருக்காது. ஆனால் அவர்களின் மோனோசைட்டுக்கு வெளியிலிருந்து ரேங்க்-எல் கொடுத்தால் தட்டில் நன்றாகவே செல் உருவாகி எலும்பை அரிக்கும். அப்படியானால் மோனோசைட்டில் குறையில்லை, ரேங்க்-எல் உற்பத்தியில்தான் குறை. ரேங்க்-எல்லை உண்டாக்குபவை எலும்பாக்கச் செல் (ஆஸ்டியோபிளாஸ்ட்) போன்ற வேறு செல்கள். மஜ்ஜை மாற்றினாலும் அவை மாறுவதில்லை என்பதால், அந்தக் குழந்தைகளுக்கு அந்தச் சிகிச்சை பலிப்பதில்லை.