டொக்டர் ஜீன் பரிசோதனை செய்யச் சொல்லிவிட்டார், இனி என்ன? யாழ்ப்பாணத்தில் எது இலவசம், எங்கே தொடங்குவது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கேட்கிற எல்லாருக்கும் முழு மரபணுத் தொகுதியையும் காசில்லாமல் வாசித்துத் தருகிற அரச திட்டம் எதுவும் இலங்கையில் இல்லை. லண்டனில் இருக்கிற மச்சாள் "இங்கே சும்மா செய்து தந்தவை" என்று சொன்னால் அது பொய்யில்லை, அங்கே 2018 இலிருந்து அதற்கென்றே தேசிய சேவை ஒன்று இருக்கிறது, அதுவும் டொக்டர் தேவை என்று கண்டவர்களுக்கு. ஆனால் அதைக் கேட்டுவிட்டு, நமக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது என்று முடிவெடுத்து, நகையை அடகு வைத்துக்கொண்டு நேரே தனியார் லாபுக்குப் போவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். நிபுணரைப் பார்ப்பது, அடிப்படைப் பரிசோதனைகள், வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதம், அரச ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கப்படுகிற மருந்து, இரத்தம் எல்லாம் இலவச சுகாதார சேவைக்குள் உங்களுக்கு உரித்தானவை. பரிசோதனை அவற்றுக்குப் பிறகு வர வேண்டியது.

இந்தப் பரிசோதனையால் வைத்தியத்தில் என்ன மாறப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு உதாரணத்தை வடிவாகச் சொல்கிறேன். பிறந்து ஆறு மாதத்துக்குள் ஒரு குழந்தைக்குச் சீனி வருத்தம் வந்தால் அது பெரியவர்களுக்கு வருகிற சீனி வருத்தம் இல்லை, சிறுவர்களுக்கு வழக்கமாக வருகிற வகையும் பெரும்பாலும் இல்லை. ஒரே ஒரு மரபணுவில் வந்த பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம். கே.சி.என்.ஜே.11 என்ற மரபணுவில் பிழை இருந்தால் கணையம் இன்சுலினைச் செய்கிறது, ஆனால் அந்தக் கலங்களின் சுவரில் பொற்றாசியம் வெளியேறுகிற வாசல் ஒன்று பூட்டிக்கொள்வதில்லை. அந்த வாசல் பூட்டினால்தான் இன்சுலின் இரத்தத்துக்குள் விடப்படும், அதைப் பூட்ட வைப்பது கிளிபென்கிளமைட் என்ற பழைய, மலிவான குளிசை. இந்த மரபணுவின் பங்கு 2004 இல் தெரியவந்தது. 2006 இல் வெளிவந்த ஆய்வில் 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை விட்டுவிட்டு இந்த வகைக் குளிசைக்கு மாறினார்கள். நாளுக்கு நாலு தடவை ஊசி குத்திய பிள்ளைக்குக் குளிசை போதும் என்றால் அந்த வீட்டில் என்ன மாறும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் உள்ள ஆய்வுகூடம் இப்படிப்பட்ட குழந்தைகளின் மாதிரியை எந்த நாட்டிலிருந்து வந்தாலும் காசு வாங்காமல் பார்த்து வருகிறது, ஆனால் அனுப்ப வேண்டியது டொக்டர், பெற்றோர் இல்லை. உங்கள் பிள்ளை இந்த வகை என்றால் கிளினிக்கில் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வலிப்பிலும் இப்படித்தான். எஸ்.சி.என்.1.ஏ மரபணுவில் பிழை உள்ள டிராவே வகை வலிப்புக்கு, சாதாரணமாகக் கொடுக்கிற கார்பமசெப்பீன் நிலைமையை மோசமாக்கலாம். ஆகவே முடிவு வந்தால் புது மருந்து சேர்வதை விட, இருக்கிற மருந்து நிற்பதே பெரிய காரியமாகிவிடும். வேறொரு அரிய வகை வலிப்பு விற்றமின் பி6 இற்கு அடங்கும்.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மரபணுவையே திருத்துகிற வைத்தியங்கள் வந்துவிட்டன. பீற்றா தலசீமியா என்ற, உடல் போதிய இரத்தத்தைச் செய்ய முடியாத பரம்பரை வருத்தத்துக்கான ஒன்றை 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதித்தது, 2025 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரே ஒரு குழந்தைக்காகவே ஒரு மருந்து தயாரித்துக் கொடுத்தார்கள். முதலாவதன் விலை 20 இலட்சம் டொலருக்கு மேல். அதை நம்பி இங்கே யாராவது காசு சேர்க்கச் சொன்னால் இரண்டு தடவை யோசியுங்கள். தலசீமியாவுக்கு நமக்கு எட்டக்கூடியது இரத்தம் ஏற்றுவதும், உடலில் சேர்கிற இரும்பை வெளியேற்றும் மருந்தும்தான், இரண்டும் அரச ஆஸ்பத்திரியில் காசில்லை. தேசிய தலசீமியா நிலையம் குருநாகலில் இருக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? பெரியாஸ்பத்திரியின் சிறுவர் கிளினிக், அல்லது தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் உங்களுக்குக் கிட்டியது. கிளினிக் கொப்பியும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடும் கையில் இருக்கட்டும், அதோடு ஒரு தாளில் தாய் வழி, தகப்பன் வழி மூன்று தலைமுறையை எழுதிக்கொண்டு போங்கள்: யார் சின்ன வயதில் இறந்தார்கள், யாருக்கு வலிப்பு, எத்தனை கரு கலைந்தது, யார் சொந்தத்துக்குள் கட்டினார்கள். இதைக் கேட்டால் பெரியம்மாமார் முதலில் முகத்தைச் சுழிப்பார்கள், அப்புறம் நிறுத்தாமல் சொல்வார்கள். இந்தத் தாளைப் பார்த்துத்தான் எந்த மரபணுவை வாசிக்க வேண்டும் என்ற கேள்வியே பிறக்கிறது. கேள்வி இல்லாமல் முழுவதையும் வாசித்தால் மறுமொழியும் வராது.

மேலே போக வேண்டுமென்றால் கொழும்புக்குக் கடிதம் தருவார்கள். பொரளையில் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு. பிள்ளையை இரவு பஸ்ஸில் ஏற்ற முன் ஒன்றைக் கேளுங்கள்: இரத்தம் மட்டும் போனால் போதாதா? இந்தப் பரிசோதனைக்கு ஊதா மூடிபோட்ட குழாயில் சில மில்லிலீற்றர் இரத்தமே பெரும்பாலும் போதும், டி.என்.ஏ. இலேசில் கெடாது. பல நேரம் தாய், தகப்பன் இரத்தமும் கேட்பார்கள், ஏனென்றால் பிழை பெற்றோரிடமிருந்து வந்ததா, பிள்ளையில் புதிதாகத் தோன்றியதா என்று ஒப்பிட வேண்டும். தகப்பன் கட்டாரில் என்றால் லீவில் வரும் திகதியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கலியாணத்துக்கு முன்னால் செய்யக்கூடியதும் உண்டு. சாதாரண முழு இரத்தப் பரிசோதனையில் எம்.சி.வி. (செங்குருதிக் கலத்தின் அளவு) 80 இற்குக் கீழ் அல்லது எம்.சி.எச். (அதில் உள்ள ஹீமோகுளோபின் அளவு) 27 இற்குக் கீழ் வந்தால் தலசீமியா காவியா, அதாவது தனக்கு வருத்தம் இல்லாமல் பிழையைப் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவரா என்று அடுத்த பரிசோதனை செய்ய வேண்டும் (இரும்புச்சத்துக் குறைவாலும் இப்படி வரும், பதற வேண்டாம்). இரண்டு பேரும் காவி என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத ஆபத்து. மச்சான் மச்சாள் கலியாணத்தில், கடுமையான பிறவிக் குறைபாட்டுக்கான ஆபத்து மற்றவர்களுடையதை விடச் சுமார் இரு மடங்கு, அதாவது நூற்றுக்கு மூன்று அளவு என்பது ஆறு அளவாகிறது. இங்கே இதை முன்கூட்டியே பார்ப்பதற்குக் கூடுதல் காரணம் ஒன்று இருக்கிறது: 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடம் உண்டு, கருவில் நோய் தெரிந்தாலும் அந்த வழி இல்லை. ஆகவே புதுமணத் தம்பதியர் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ குடும்பநல மாதுவிடமோ பதியும்போதே குடும்பத்தில் உள்ள வருத்தத்தைச் சொல்வது நல்லது.

தனியாரிடம்தான் போக வேண்டி வந்தால், காசு கட்ட முன் இரண்டு கேள்வி. என்ன வாசிக்கிறீர்கள், ஒரு மரபணுவா, ஒரு தொகுப்பா, புரதம் செய்யும் பகுதி முழுவதுமா? முடிவை யார் இருந்து விளங்கப்படுத்துவார்? இரண்டாவதற்குப் பதில் இல்லாத இடத்தில் கட்டாதீர்கள். செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவியைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம், உங்கள் நோய் அவர்களின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள். 2022 இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது, ஆகவே சம்மதப் பத்திரத்தில் "ஆய்வுக்குப் பயன்படுத்தலாம்" என்ற வரியை வாசித்துவிட்டே கையெழுத்து வையுங்கள்.

அறிக்கையில் "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்று வந்தால் நோய் இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அதை வைத்து மருந்தை மாற்றவோ சம்பந்தத்தை முறிக்கவோ கூடாது. இதே மாற்றம் உள்ள வேறு ஆட்கள் பிறகு எங்காவது கண்டுபிடிக்கப்பட்டால் அதன் அர்த்தம் மாறும், அதனால் அறிக்கையின் பிரதியையும், கிடைத்தால் மூலத் தரவுக் கோப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பிள்ளைக்கு இன்னொரு தடவை ஊசி குத்தத் தேவையில்லை.