ஒரே ஹெட்போன், இரண்டு ஆம்ப்: 100 ஹெர்ட்ஸில் ஒளிந்திருக்கும் மேடு

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நெடுநாள் பணம் சேர்த்து உயர்ரக ஹெட்போன் ஒன்றை வாங்கியிருக்கிறார். பெட்டியில் மின்தடை 300 ஓம் என்று போட்டிருக்கிறது. கடையில் அதை ஒரு வால்வு ஆம்ப்பில் (கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு ஒலியைப் பெருக்கும் பழைய பாணிக் கருவி) மாட்டிக் கேட்டபோது பாடகரின் குரல் அப்படியே நிறைந்து வந்ததாம். வீட்டில் அவரிடம் இருப்பது புது டிரான்சிஸ்டர் ஆம்ப். அளவீடுகளில் அப்பழுக்கில்லாதது என்று பெயர் வாங்கியது. அதில் போட்டுக் கேட்டால் “சுத்தமா இருக்கு சார், ஆனா சதைப்பிடிப்பு இல்ல” என்கிறார். கடையில் கேட்டதற்கு, 200 மணி நேரம் ஓடவிட்டால் பழகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். “என் காது என்னை ஏமாற்றுகிறதா?” என்பதுதான் அவருடைய கேள்வி.

இல்லை. அவர் கேட்ட வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது. அதை மீட்டர் வைத்து அளக்கலாம். 200 மணி நேரம் ஓடவிட்டாலும் அது மாறப்போவதில்லை.

ஹெட்போன் வேலை செய்யும் விதம் பள்ளியில் படித்ததுதான். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் சவ்வு ஆடும், சவ்வு ஆடினால் காற்று ஆடும், பாட்டு கேட்கும். இந்தப் பாதி எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது மறுபாதி.

காந்தத்துக்கு நடுவே ஒரு சுருள் அசைந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்டது இது. ஹெட்போன் சுருளும் இதற்கு விலக்கு இல்லை. பழைய ஹெட்போன் ஒன்றை மைக் துளையில் சொருகி அதன் கப்புக்குள் பேசிப் பாருங்கள், உங்கள் குரல் பதிவாகும். தரம் சுமார்தான், ஆனால் பேச்சு தெளிவாகப் புரியும். ஆக, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதும் அந்தச் சுருள் சும்மா இருப்பதில்லை. ஆம்ப் அனுப்பும் மின்சாரத்தை வாங்கி ஆடிக்கொண்டே, அந்த ஆட்டத்தால் தானும் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கித் திருப்பித் தள்ளுகிறது. லென்ஸ் விதிப்படி அது ஆம்ப்புக்கு எதிர்த்திசையில்தான் தள்ளும்.

இப்போது சவ்வைக் கவனியுங்கள். அதற்கு ஒரு நிறை உண்டு, விளிம்பில் ஒரு விறைப்பு உண்டு. நிறையும் விறைப்பும் சேர்ந்தால் ஓர் இயல்பு அதிர்வெண் வந்தே தீரும். அந்த இடத்தில் சவ்வு கொஞ்சம் தள்ளினாலே வேகமாக ஆடும். வேகமாக ஆடினால் திருப்பித் தள்ளும் மின்னழுத்தமும் கூடும். அது கூடினால் ஆம்ப்பிலிருந்து வரும் மின்னோட்டம் குறையும். ஆம்ப்பின் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? அந்த அதிர்வெண்ணில் மட்டும் ஹெட்போனின் மின்தடை திடீரென்று ஏறிவிட்டதைப்போல. இதைத்தான் இம்பீடன்ஸ் மேடு என்கிறோம் (இம்பீடன்ஸ் என்பது மாறுமின்னோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் மொத்தத் தடை). சென்ஹைசரின் எச்டி 600, எச்டி 650 இரண்டும் பெயருக்கு 300 ஓம். ஆனால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அவை 500 ஓமைத் தொட்டுவிடும். கம்பி அதேதான், தாமிரம் அதேதான். மிச்ச 200 ஓமும் சவ்வின் ஆட்டத்திலிருந்து வருகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் அழகு. புடுவில் ஜாலான் பசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 120 ஓம் ரெசிஸ்டர் சில சென்னுக்குக் கிடைக்கும். அதன் மேல் பழுப்பு, சிவப்பு, பழுப்பு என்று கோடுகள் இருக்கும். கைப்பேசியில் ஒற்றை அதிர்வெண் ஒலி எழுப்பும் செயலி ஒன்று போதும். கைப்பேசியில் சொருகும் ஹெட்போன் இணைப்பியான டாங்கிளின் ஒரு பக்கச் சானலையும் ஹெட்போனின் ஒரு பக்கத்தையும் அந்த ரெசிஸ்டர் வழியாக இணைத்து, ஹெட்போன் முனைகளில் மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தேன். ஹெட்போன் மேசைமேல் கிடந்தது. ஒலியளவு முழுதாக இருந்ததால் காதில் மாட்டவில்லை. 400 ஹெர்ட்ஸில் மீட்டர் 0.7 சொச்சத்தில் நின்றது. சாதாரண மீட்டர்களை அதற்கு மேலான அதிர்வெண்ணில் நம்ப முடியாது, அதனால் அங்கிருந்து கீழே இறங்கினேன். 200, 150, 120 என்று வரவர எண் ஏறியது. 100க்குப் பக்கத்தில் 0.8 வோல்ட். இன்னும் இறங்கி 30க்கு வந்தபோது மறுபடி பழைய இடத்துக்கே திரும்பியது. அப்புறம் 100இல் நிறுத்திவிட்டு, கப்பின் வாயை உள்ளங்கையால் மெல்ல மூடினேன். மீட்டரின் கடைசி இலக்கம் நகர்ந்தது. கைக்கும் சவ்வுக்கும் இடையே அடைபட்ட காற்று, மின்கம்பியின் மறுமுனையில் ஓர் எண்ணாகத் தெரிகிறது! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அந்த ரெசிஸ்டருக்கும் வால்வு ஆம்ப்புக்கும் என்ன உறவு? ஒவ்வொரு ஆம்ப்பின் உள்ளேயும், அது காகிதத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளியீட்டு இம்பீடன்ஸ் என்று ஒன்று தொடராக நிற்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்புகளில் அது சில பத்து ஓமிலிருந்து நூற்றுக்கும் மேல்கூடப் போகும். பழைய ஸ்டீரியோ ஆம்ப்புகளில் ஸ்பீக்கருக்குப் போகும் வழியிலிருந்தே ஒரு ரெசிஸ்டரைப் போட்டு ஹெட்போன் துளைக்குக் கொடுத்துவிடுவார்கள். 120 ஓம் என்று பரிந்துரைத்த சர்வதேசத் தரம்கூட ஒரு காலத்தில் இருந்தது. இன்றைய டிரான்சிஸ்டர் ஆம்ப்புகளில் அது பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் கீழே. வெளியே போகும் சமிக்ஞையின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்து உள்ளே வருவதோடு ஒப்பிட்டுத் திருத்தும் முறைதான் இதற்குக் காரணம். 1927இல் பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக், வேலைக்குப் போகும் வழியில் படகில் இருந்தபோது கையில் இருந்த செய்தித்தாளிலேயே அதைக் குறித்துவைத்தார்.

கணக்குச் சின்னதுதான். 120 ஓம் ஆம்ப் 1 வோல்ட் கொடுத்தால், 300 ஓம் இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைப்பது 300/420, அதாவது 0.71 வோல்ட். மேட்டில் 500/620, அதாவது 0.81 வோல்ட். வித்தியாசம் 1 டெசிபலுக்குக் கொஞ்சம் மேல். அரை ஓம் ஆம்ப்பில் இதே கணக்கைப் போட்டால் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆக, வால்வு ஆம்ப் ஹெட்போனின் மேட்டை ஒலியில் ஏற்றித் தருகிறது, டிரான்சிஸ்டர் ஆம்ப் அதைக் கண்டுகொள்வதில்லை.

ஒரு டெசிபல் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அது எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள பஞ்சமம் அதில் முக்கால் பங்கு, 98 ஹெர்ட்ஸ். மேடு நேராக அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. தம்புராவின் பஞ்சமத் தந்தியும் அங்கேதான். வாசகர் கேட்டது கர்நாடக சங்கீதக் கச்சேரிப் பதிவு என்று எழுதியிருந்தார். குரல் நிறைந்து வந்தது என்று அவர் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நண்பர் ஒருவரிடம் இரண்டு வகை ஆம்ப்பும் இருக்கின்றன. எச்டி 650ஐ எடுத்துக்கொண்டு பெட்டாலிங் ஜெயாவில் அவர் வீட்டுக்குப் போய் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். முதலில் ஒலியளவைச் சமமாக்கினோம். இது இல்லாமல் செய்யும் எந்த ஒப்பீட்டையும் நான் ஏற்பதில்லை. சற்றே உரத்து ஒலிப்பது நம் காதுக்கு எப்போதும் நல்லதாகவே படும். இரண்டு ஆம்ப்பிலும் ஹெட்போன் மாட்டிய நிலையில், 400 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டு, மீட்டரில் ஒரே எண் வரும்படி வைத்தோம். வால்வில், பாடகர் கீழ்ப் பஞ்சமத்தில் இறங்கி நிற்கும்போது அறையே சுருதி சேர்ந்ததுபோல் இருந்தது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி உருண்டு வந்தது. டிரான்சிஸ்டரில் அந்த உருட்டல் அடங்கிவிட்டது, பதிலுக்கு வலப்பக்க வலந்தலையில் விரல் படும் ஓசையும் பாடகர் மூச்சு எடுக்கும் ஓசையும் முன்னால் வந்தன. அடுத்து, பத்துமலை தைப்பூசத்தில் எடுத்த உருமி மேளப் பதிவு. உருமியின் அந்த இழுவை மேலும் கீழும் வழுக்கிப் போகும்போது, வால்வில் நடுவே ஓரிடத்தில் மட்டும் தடித்து ஒலித்தது. டிரான்சிஸ்டரில் முழு இழுவையும் ஒரே பருமன். பாட்டுக்கு எனக்கு வால்வு பிடித்தது. உருமிக்கு டிரான்சிஸ்டர்தான், சந்தேகமே இல்லை.

வெளியீட்டு இம்பீடன்ஸ் குறைவாக இருந்தால் இன்னொன்றும் நடக்கும். பழைய சைக்கிள் டைனமோவில் விளக்கைப் போட்டதும் மிதி கனக்கும் அல்லவா, அதே சங்கதி. சுருள் உண்டாக்கும் மின்சாரம் பாய்வதற்குத் தடையற்ற வழி கிடைத்தால், அந்த மின்சாரமே சுருளைப் பிடித்து நிறுத்தும். பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் இரண்டு முனைகளையும் கம்பியால் இணைத்துவிட்டுக் கூம்பை விரலால் தட்டினால் ‘டப்’ என்று நின்றுவிடும், கம்பியை எடுத்துவிட்டுத் தட்டினால் ‘டொம்’ என்று நீளும். ஹெட்போனில் இந்தப் பிடிப்பு அவ்வளவு பெரிய பங்கு வகிப்பதில்லை, ஏனென்றால் சவ்வை அடக்கும் வேலையில் பெரும்பகுதியைக் காற்றும் துணியும் பார்த்துக்கொள்கின்றன.

பிளேனார் ஹெட்போன்களில் இந்த மேடு அநேகமாக இருக்காது. அவற்றில் சுருளுக்குப் பதிலாக, அகன்ற படலம் ஒன்றின்மேல் மின்தடம் பரவலாக ஓடுகிறது. காந்தப் பிடிமானம் பலவீனம், காற்றின் அடக்கம் அதிகம், அதனால் திருப்பித் தள்ளும் மின்னழுத்தமும் அற்பம். எந்த ஆம்ப்பில் போட்டாலும் பேஸ் (தாழ்ந்த அதிர்வெண் ஒலி) மாறாது. ஆனால் அதே பலவீனமான பிடிமானம்தான் அவற்றைத் தீனி கேட்பவையாக ஆக்குகிறது. ஹைஃபைமேன் சுஸ்வரா என்ற பிளேனார் ஹெட்போனுக்கு 1 மில்லிவாட் கொடுத்தால் 83 டெசிபல்தான் வரும். கைப்பேசி டாங்கிளின் 1 வோல்ட், அதன் 60 ஓமில் 95 டெசிபலோடு நின்றுவிடும். மேளம் ஒரு நொடி வெடித்து 110 டெசிபலைத் தொட வேண்டுமானால் அரை வாட் வேண்டும். அங்கே ஆம்ப்புக்குக் காசு போடுவதில் நியாயம் இருக்கிறது.

200 மணி நேரக் கதைக்கு வருவோம். ஓடவிட்டால் ஒலி மாறும் என்ற நம்பிக்கை ஊறிப்போன ஒன்று. மாறுவது பெரும்பாலும் மெத்தை. காதைச் சுற்றியுள்ள பஞ்சு அழுந்தி, தலைப்பட்டை தளர்ந்து, சவ்வு காதுக்கு நெருங்குகிறது. கூடவே நம் மூளையும் புது ஒலிக்குப் பழகுகிறது. இரண்டும் உண்மையான மாற்றங்கள்தான், ஆனால் ஹெட்போனை மேசைமேல் கிடத்தி இரவெல்லாம் பாடவிட்டால் இரண்டுமே நடக்காது! நம் ஊர் ஈரப்பதத்தில் செயற்கைத்தோல் மெத்தை சில ஆண்டுகளில் பொரிந்து உதிர்வதும் இதோடு சேர்ந்தது. பாலியூரித்தேனை நீராவி மெல்ல மெல்ல வெட்டிவிடும். மெத்தை உதிர்ந்தால் காற்றடைப்பு போய், பேஸும் போய்விடும். மெத்தை மாற்றுவதற்குச் செலவழியுங்கள். ஆயிரக்கணக்கான ரிங்கிட் கேட்கும் கேபிளுக்கு வேண்டாம். கேபிளின் மின்தடை ஓர் ஓமைத் தாண்டுவதே அரிது, மேலே போட்ட கணக்கில் அதைப் போட்டுப் பாருங்கள், எதுவும் மிஞ்சாது.

பணம் போக வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. ஹெட்போன்களை அளக்க உலகம் பயன்படுத்தும் செயற்கைத் தலைகளில் புகழ்பெற்றது கேமர். 1972இல் அமெரிக்காவில் காதுகேள் கருவி ஆராய்ச்சிக்காக உருவானது. காதுத்துளை ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளம், அதனால் 3000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தை அது இயல்பாகவே உயர்த்தும். ஆனால் எங்கே, எவ்வளவு என்பது, அந்த ஒரே செயற்கைத் தலையில் இருப்பதுபோல் நிற்காமல், ஆளுக்கு ஆள் மாறும், காது மடலின் வடிவத்தாலும் மாறும். மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஈபான், கடசான் என்று இத்தனை விதமான காதுகள் ஒரே நாட்டில் இருக்கும்போது, அவற்றைப் பெரிய அளவில் அளந்து எல்லாருக்கும் பொதுவில் வைக்கும் வேலைக்கு மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் தாராளமாக நிதி தரலாம் என்பது என் எண்ணம். ஹெட்போன் பிரியர்களுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. காதுகேள் கருவி மாட்டிக்கொண்டு “எல்லாம் கேட்குது, ஒண்ணும் புரியல” என்று சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்த அளவுகள் உதவும்.

வாசகர் கடைசியாக, வீட்டு ஆம்ப்பை விற்றுவிட்டு வால்வு வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். அவசரப்பட வேண்டாம். வால்வுகள் தமக்கே உரிய மேல்சுரங்களையும் கொஞ்சம் கலக்கும் என்பது உண்மை, ஆனால் அவர் தேடுவதில் பெரும்பங்கு அந்த மேடுதான். அதற்கு ஆம்ப்புக்கும் ஹெட்போனுக்கும் நடுவே, இடது சானலுக்கு ஒன்று, வலது சானலுக்கு ஒன்று என இரண்டு 120 ஓம் ரெசிஸ்டர்கள் போதும். கால் வாட் தாராளம். பொதுக் கம்பியில் வைக்க வேண்டாம், இரண்டு பக்கமும் கலந்துவிடும். ஒரு சிறிய நீட்டிப்புக் கேபிளை வெட்டி உள்ளே வைத்துப் பற்றவைத்தால், வேண்டும்போது சொருகலாம், உருமி கேட்கும்போது கழற்றலாம். ஒலி 3 டெசிபல் அளவுக்குக் குறையும், ஆம்ப்பைச் சற்றுத் திருகிக்கொள்ளுங்கள்.