இரண்டு வார மிஷன் பயணத்துக்குக் கிளம்பும் முன்

விடுமுறை நெருங்கினால் சபையில் யாராவது வந்து கேட்பார்கள்: "டாக்டர், ரெண்டு வாரம் லீவு கிடைக்கும். ஆப்பிரிக்கா மிஷன் ட்ரிப்புக்கு நானும் வரலாமா?" தாராளமாக வரலாம். அதற்கு முன் மலாவியில் பார்த்த ஒரு குழந்தையின் பாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

குழந்தை நல மருத்துவராக, மத்திய மலாவியின் ஒரு மிஷன் மருத்துவமனைக்கு நான் முதலில் போனது ஒரு பிப்ரவரியில். அங்கே அது பசிக்காலம். புது மக்காச்சோளம் ஏப்ரலில்தான் வரும், பழையது அதற்குள் தீர்ந்திருக்கும். மழையும் மலேரியாவும் அதே மாதங்களில்தான். எங்கள் குழு ஒரு கிராமத்து ஆலயத்தில் முகாம் போட்டது. வரிசை வாசலைத் தாண்டி மாமரம் வரை நின்றது.

ஒரு தாய், முதுகில் துணியால் கட்டியிருந்த பையனை இறக்கி உட்கார வைத்தார். இரண்டு வயது, உப்பிய கன்னம். "இவன் கொழுகொழுன்னுதானே இருக்கான்" என்று எங்கள் தன்னார்வலர் ஒருவர் வைட்டமின் சிரப்பை எடுத்தார். அடுத்த குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருந்த நானும் சரி என்று தலையாட்டினேன். உள்ளூர் நர்ஸ் ஒன்றும் பேசவில்லை. குனிந்து, பையனின் இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலை வைத்து மூன்று விநாடி அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் இரண்டு குழிகள் அப்படியே இருந்தன. நான் சதை என்று நினைத்தது நீர். குவாஷியோர்கர், அதாவது உடம்பை வீங்க வைக்கும் ஊட்டக்குறைவு நோய்.

இரண்டு பாதமும் இப்படி வீங்கியிருந்தால் அது கடும் ஊட்டக்குறைவு. புஜத்தை அளக்கும் நாடா என்ன காட்டினாலும் சரி. வீக்கம் இல்லாத, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புஜச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தாலும் அதே கணக்குதான். இங்கே நல்ல மனசு மட்டும் போதாது. பாவம் என்று டிரிப் ஏற்றினால் அந்தச் சின்ன இதயம் தாங்காது. பசியோடு இருக்கிறானே என்று ஒரே நேரத்தில் நிறைய ஊட்டினால் ரத்தத்தில் உப்புகள் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். அதனால் முதல் நாட்களில் எஃப்-75 என்ற பால் மட்டும்: 100 மில்லிக்கு 75 கலோரி, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, நடு ராத்திரியிலும். கூடவே உடம்பைச் சூடாக வைக்க வேண்டும், சர்க்கரை இறங்காமல் பார்க்க வேண்டும், கிருமிக்கு மருந்து தர வேண்டும். வீக்கம் வடிய ஆரம்பித்துப் பசி எடுத்த பிறகுதான், இதற்கென்றே பாக்கெட்டில் வரும் சத்தூட்டிய வேர்க்கடலைப் பசை. இதையெல்லாம் அந்த நர்ஸ் ஒவ்வொரு பசிக்காலத்திலும் செய்கிறவர். அவர் அங்கே இல்லையென்றால் பையன் சிரப்போடு வீட்டுக்குப் போயிருப்பான்.

அதனால்தான் சொல்கிறேன்: உள்ளூர் ஆட்களுக்குக் கீழே, அவர்களுக்குக் கையாளாகப் போங்கள். மலாவியில் டாக்டர்கள் குறைவு. மருத்துவப் பட்டயம் படித்த கிளினிக்கல் ஆபீசர்கள்தான் பெரும்பாலான நோயாளிகளைப் பார்க்கிறார்கள், சிசேரியனும் செய்கிறார்கள். நேற்று வந்திறங்கிய நாம் அவர்களைத் தாண்டிக்கொண்டு மருந்து எழுதக் கூடாது. இரண்டே வாரம் என்றாலும் அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்குங்கள். இங்கே உங்களுக்கு அனுமதி இல்லாத எதையும் அங்கே செய்யாதீர்கள். இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஊசி போடுவது எந்த ஊரிலும் ஊழியம் ஆகாது.

நமக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1909-ல் செவிலியர் பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்று இங்குள்ளவர்களையே பயிற்றுவித்தார். இன்று நம்மில் பலர் வெளிநாட்டு மிஷனுக்குப் போக முடிவதே அதனால்தான்.

அப்புறம் மருந்து. வீட்டில் மிஞ்சிய, பாதி கத்தரித்த அட்டைகளைச் சேர்த்துப் பையில் போட்டு வருகிறார்கள். பெயரும் தேதியும் கத்தரித்த பக்கத்தோடு போயிருக்கும். தயவுசெய்து வேண்டாம். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பிரஷர் மாத்திரையை முப்பது நாளுக்குக் கொடுத்துவிட்டு வந்தால் முப்பத்தோராம் நாள் அவர் யாரிடம் போவார்? அங்கே ஒவ்வொருவரும் 'ஹெல்த் பாஸ்போர்ட்' என்ற சின்ன நோட்டு வைத்திருப்பார்கள். கொடுத்ததை அதில் எழுதி, பக்கத்து சுகாதார நிலையத்தில் கிடைக்கும் மருந்தையே கொடுங்கள்.

ஜெபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் விசுவாசி, நோயாளிகளுக்காக ஜெபிக்கிறவன். ஆனால் மருந்துக்காகக் கால் கடுக்க நிற்கும் தாயால் "ஜெபம் வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அதனால் சிகிச்சையை முழுசாக முடித்து மருந்தைக் கையில் கொடுத்த பிறகே கேட்பேன். படம் எடுப்பதும் அப்படித்தான், நம் வார்டில் நம் குழந்தையை யாரோ படம் பிடித்து முகநூலில் போட்டால் சும்மா இருப்போமா?

உங்கள் உடம்பையும் பாருங்கள். மலேரியா தடுப்புக்கு டாக்ஸிசைக்கிளின் எடுத்தால் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஏரியில் குளிக்க வேண்டாம், தண்ணீரில் உள்ள நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோயான நத்தைக் காய்ச்சல் வரும்.

அந்தப் பையனுக்கு நான்காம் நாள் எடை குறைந்தது. தாய் பயந்துபோய் என்னைப் பார்த்தார். நீர் வடிகிறது, நல்லதுதான் என்று நர்ஸ் அவர்கள் மொழியான சிச்சேவாவில் விளக்கினார். நாங்கள் கிளம்பிய அன்று அவன் வார்டில்தான் இருந்தான், கையில் வேர்க்கடலைப் பசைப் பாக்கெட்டோடு. அவன் வீடு திரும்பிய செய்தியை மறுவாரம் அந்த நர்ஸ்தான் வாட்ஸப்பில் அனுப்பினார்.