மூழ்கியது தப்பு, மிதந்தது சரி

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்றாம் படம் 2003இல் வந்தது. அதன் முடிவைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. மந்திர மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்க வந்த நாயகன் ஃப்ரோடோ, அதற்காக அவனோடு மல்லுக்கட்டிப் பறித்துக்கொள்பவன் கோல்லம். முதலில் படமாக்கிய முடிவில் ஃப்ரோடோவே கோல்லத்தை எரிமலைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து தள்ளிவிடுகிறான். அது கொலை மாதிரி இருக்கிறது என்று, இருவரும் கட்டிப் புரண்டு விழுவதாகப் பிறகு மாற்றி எடுத்தார்கள். இன்னொரு நாயகன் அரகோர்ன், மோதிரத்தைச் செய்த வில்லன் சாரோனோடு நேருக்கு நேர் மோதும் காட்சியையும் படமாக்கிவிட்டு, பிறகு சாரோன் நின்ற இடத்தில் கணினியில் ஒரு ட்ரோலை, அதாவது ராட்சதப் பிராணியை, வைத்து மறைத்தார்கள். எது நல்ல முடிவு என்பது ரசனை சார்ந்தது. வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி அப்படியல்ல, கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்: “லாவாவில் விழுந்த கோல்லம் மூழ்குகிறான், தங்க மோதிரம் மிதக்கிறது. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?”

பாதி சரி. ரசிகர்கள் அதிகம் கிண்டல் செய்வது மிதக்கும் மோதிரத்தைத்தான். ஆனால் படம் உண்மையில் சறுக்கியது கோல்லத்தில்.

கோல்லத்தை முதலில் முடித்துவிடலாம். பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ் போதும். உடலின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான், லிட்டருக்கு 1 கிலோ. பசால்ட் என்ற, எளிதில் ஓடும் வகை லாவா லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ. கோல்லத்துக்கு 40 கிலோ எடை என்று வைத்தால் அவன் கன அளவு 40 லிட்டர். அதில் 15 லிட்டர் அமிழ்ந்தாலே அவன் எடைக்குச் சமமான லாவா விலகிவிடும், மீதி 25 லிட்டர் மேலேதான் நிற்கும். அவனை முழுதாக உள்ளே அமுக்கிவைக்க வேண்டுமானால் மேலே இன்னொரு 68 கிலோ பாரம் ஏற்ற வேண்டும். சாக்கடலில் யாராலும் மூழ்க முடிவதில்லை என்பது தெரியும். அந்தத் தண்ணீரின் அடர்த்தி வெறும் 1.24.

விழுந்த வேகத்தில் உள்ளே போயிருப்பான் என்று சிலர் வாதாடுகிறார்கள். 20 மீட்டரிலிருந்து விழுந்தால் தொடும்போது வேகம் மணிக்கு 71 கி.மீ. அவ்வளவு கனமான திரவத்தில் மல்லாந்து விழுந்தால் ஒரு சாண் இறங்குவதே அதிகம், ஏறக்குறைய தரையில் விழுந்த கதைதான். காலை முதலில் ஊன்றி விழுந்தால் தொடை வரை போகலாம். பிறகு மேலே தள்ளப்படுவான். படத்தில் காட்டுவதுபோல நிதானமாக, கை மட்டும் கடைசியாகத் தெரிய உள்ளே போவது சேற்றிலும் நடக்காது, லாவாவிலும் நடக்காது. திரைப்பட லாவா பெரும்பாலும் மெத்தில் செல்லுலோஸ் கரைத்த தண்ணீர் என்பதால் நம் கண் இப்படிப் பழகிவிட்டது. கீழே விளக்கு வைத்தால் அந்தக் கூழ் அழகாக ஒளிரும், அடர்த்தி மட்டும் தண்ணீருடையது.

இனி மோதிரம். சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3, லாவாவைப் போல் ஏழு மடங்கு. ஒரு பவுன், அதாவது 8 கிராம் மோதிரம் என்று கொள்வோம். கன அளவு 0.41 மில்லி. அது விலக்கும் லாவாவின் எடை 1.1 கிராம், எனவே கீழே இழுப்பது 6.9 கிராம் எடை. மூழ்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு நேரத்தில்? இதைக் கேட்க மறந்துவிட்டுத்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

திரவத்தில் ஒரு பொருள் மூழ்குமா என்பதை அடர்த்தி தீர்மானிக்கிறது. எத்தனை வேகமாக மூழ்கும் என்பதைப் பாகுநிலை, அதாவது திரவத்தின் கெட்டித்தன்மை, தீர்மானிக்கிறது. பாகுநிலையை பாஸ்கல் விநாடி என்ற அலகில் சொல்வார்கள். தண்ணீருக்கு 0.001. விளக்கெண்ணெய்க்குச் சுமார் 1. தேனுக்கு 10 வாக்கில். சூடான பசால்ட் லாவாவுக்கு 10 முதல் 100 வரை. ஆண்டசைட் என்ற வகை லாவாவுக்கு 1,000, 10,000, அதற்கு மேலும் போகும். ரயோலைட் வகையில் பத்து லட்சம் சாதாரணம்.

எல்லாம் உருகிய பாறைதான், பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்? இங்கேதான் இந்த விஷயம் ருசிக்கத் தொடங்குகிறது. லாவாவின் முக்கியச் சரக்கு சிலிக்கா. ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களை நான்கு மூலைகளில் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன நான்முகியாக நிற்கும். ஒரு மூலையிலுள்ள ஆக்சிஜனை அடுத்த நான்முகியும் பங்குபோட்டுக்கொள்ளலாம். அப்படிப் பங்குபோட்டால் இரண்டும் கைகோத்துவிடும். நான்கு மூலைகளிலும் கோத்துக்கொண்டால் முப்பரிமாண வலை. திரவம் ஓட வேண்டுமானால் இந்தப் பிடிகள் அறுந்து அறுந்து மறுபடி ஒட்ட வேண்டும், அதுதான் இழுவை. நடுவில் மக்னீசியம், இரும்பு, கால்சியம் அயனிகள் புகுந்தால் கோத்த கைகளைப் பிரித்துவிடும். பசால்ட்டில் சிலிக்கா 50 சதவீதம் வாக்கில், பிரிக்கும் அயனிகள் ஏராளம், எனவே ஓடுகிறது. ஆண்டசைட்டில் சிலிக்கா 60 சதவீதம், ரயோலைட்டில் 70க்கு மேல், பிரிக்க ஆள் குறைவு. சிலிக்கா அளவு கொஞ்சம்தான் கூடுகிறது, பாகுநிலையோ ஆயிரம் மடங்குகளில் ஏறுகிறது. வெப்பநிலை இறங்கினாலும் அதே கதை. பிடிகளை அறுக்க ஆற்றல் போதாமல் போகும், போதாக்குறைக்குப் படிகங்கள் வேறு முளைத்துக் குழம்பைக் கெட்டியாக்கும்.

இந்த எண்கள் ஆய்வகத்தில் மட்டும் எடுத்தவை அல்ல. 1965இல் ஹவாயின் மகாவோபுஹி பள்ளத்தில் தேங்கிய லாவா ஏரியின் மேலோட்டைத் துளைத்து, உள்ளே சுழலும் கருவியை இறக்கி நேரடியாக அளந்திருக்கிறார்கள். இதற்கெல்லாமா பணம் என்று கேட்பவர்கள் காங்கோவின் நியிராகோங்கோ எரிமலையைப் பார்க்க வேண்டும். அதன் லாவாவில் சிலிக்கா 40 சதவீதம் வாக்கில்தான். 1977இல் மலைச்சரிவில் மணிக்கு 60 கி.மீ. வரை வேகத்தில் இறங்கியது, ஓடித் தப்ப முடியாத வேகம். பாகுநிலை தெரியாமல் எந்த ஊரை எப்போது காலி செய்வது என்று சொல்ல முடியாது. எரிமலைக் கண்காணிப்புக்கு நிதி வருவது மட்டும் எப்போதும் வெடித்து முடிந்த பிறகுதான்.

மோதிரத்துக்கு வருவோம். 2 செ.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள வளையம் படுக்கையாகக் கிடக்கிறது. 100 பாஸ்கல் விநாடி பசால்ட்டில் அது விநாடிக்குச் சுமார் 4 மி.மீ. இறங்கும், கண் சிமிட்டுவதற்குள் காணாமல் போய்விடும். 10,000 கொண்ட ஆண்டசைட்டில் வேகம் நூறில் ஒரு பங்கு. தன் தடிமன் அளவுக்கு அமிழவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இதோடு பரப்பு இழுவிசையும், அதாவது திரவத்தின் மேற்பரப்பு ஒரு தோல்போல இழுத்துப் பிடிக்கும் விசையும், சேர்கிறது. லாவாவின் பரப்பு இழுவிசை தண்ணீரைப் போல் ஐந்து மடங்கு. வளையத்தின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டையும் பிடித்தால் எடையில் பாதிக்கு மேல் அதுவே தாங்கிவிடும். அரைப் பவுன் மோதிரமாக இருந்தால் மூழ்காமலே கிடக்கலாம். அதற்குள் குளிர்ந்த மேல்தோல் படர்ந்துவிட்டால் இன்னும் சௌகரியம். கோல்லத்தின் கை மறைந்த பிறகும் மோதிரம் மேலே கிடந்து, அதில் பொறித்த எழுத்துகள் ஒளிர்வது அபத்தமே அல்ல. கதையின் எரிமலையான மவுண்ட் டூமாகச் சில காட்சிகளில் தெரியும் நியூசிலாந்தின் நவுருஹோயி எரிமலையும் ஆண்டசைட் வகைதான்.

படம் தப்பித்தது என்று நினைத்தால், இல்லை. தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும். பசால்ட் லாவா 1100 முதல் 1200 டிகிரி, அதில் தாராளமாக உருகும். ஆண்டசைட் பெரும்பாலும் அதற்குக் கீழே, 1000 டிகிரியை ஒட்டி நிற்கும். உருக்கப் போதிய சூடுள்ள லாவாவில் மோதிரம் உடனே மூழ்கிவிடும். தாங்கிப் பிடிக்கும் லாவாவில் உருகாமல் கிடக்கும். இரண்டும் வேண்டுமென்றால் செம்பும் வெள்ளியும் கலந்த தங்கமாக இருக்க வேண்டும், கலப்பு சேர்ந்தால் உருகுநிலை குறையும். சாரோன் 22 காரட்டில் செய்தானா என்று தெரியவில்லை. மற்றபடி உருக்குவது பெரிய வேலையே இல்லை. 8 கிராமுக்குச் சுமார் 1,600 ஜூல் போதும், 4 மில்லி ஐஸ் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம். விளிம்பில் தொங்கும் ஃப்ரோடோ, நண்பன் சாமின் கையைப் பிடிக்கும் வரை மோதிரம் உருகாமல் காத்திருப்பதற்கு இயற்பியலில் இடமில்லை. ரசிகர்கள் சொல்வதுபோல அது ஃப்ரோடோவின் மனஉறுதி பற்றிய காட்சி.

சரி, இயற்பியலை வைத்து மாற்று முடிவு எழுதினால் எப்படி இருக்கும்? 2002இல் எத்தியோப்பியாவின் எர்ட்டா ஆலே லாவா ஏரியில் 80 மீட்டர் உயரத்திலிருந்து 30 கிலோ கரிமக் கழிவு மூட்டை ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். மேலோடு உடைந்தது, மூட்டையிலிருந்த நீர் ஆவியாகிப் பொங்கியது, அந்த இடத்தில் லாவா ஊற்றுப்போல் எழும்பியது. ஒரு லிட்டர் தண்ணீர் 1,700 லிட்டர் நீராவியாகும், கோல்லத்தின் உடலில் இருபது லிட்டருக்கு மேல் தண்ணீர். ஆக, அவன் அமைதியாக அமிழ மாட்டான். மேலே கிடந்து எரிவான், சுற்றிலும் லாவா தெறிக்கும், மோதிரம் எந்தப் பக்கம் பறந்தது என்றே தெரியாது. 1955இல் வெளிவந்த நாவலில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே அவன் கால் தவறி விழுகிறான், அலறல் கேட்கிறது, அவ்வளவுதான்.

தொடர்ச்சி பற்றிய கடைசிப் புகார் ஒன்று: முதல் படத்தில் மந்திரவாதி கந்தால்ஃப் மோதிரத்தைக் கணப்பில் போட்டபோது ஏன் உருகவில்லை? விறகு நெருப்பு 600 முதல் 900 டிகிரிதான், எந்தத் தங்க மோதிரமும் அதில் எளிதில் உருகாது. துருத்தி வைத்து ஊதாமல் பொற்கொல்லர்களுக்கும் முடியாத காரியம் அது. அந்த இடத்தில் குறை சொல்ல வேண்டியது வேறு: இடுக்கியால் எடுத்து உடனே ஃப்ரோடோவின் உள்ளங்கையில் வைக்கிறார், சுடவில்லை. அதற்கு மந்திரம்தான் பதில்.