அதேவா, அதே மாதிரியா?

கொழிஞ்சாம்பாறை பைக் ஸ்டாண்டில் போன வாரம் என் கறுப்பு ஸ்ப்ளெண்டரில் சாவி திரும்பவே மாட்டேன் என்றது. இரண்டு நிமிடம் மல்லுக்கட்டிய பிறகுதான் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். கேஎல் 70 இருக்க வேண்டிய இடத்தில் டிஎன் 41. பொள்ளாச்சிக்காரர் யாரோ நிறுத்தியது. "அண்ணா, உங்க வண்டி அந்தக் கடைசியில நிக்குது" என்று டோக்கன் தரும் பையன் சிரித்தான்.

ஆப்பிளின் ஸ்விஃப்ட் நிரல் மொழியில் இதற்கு இரண்டு குறிகள் உண்டு. == கேட்பது, அதே மாதிரியா? === கேட்பது, அதுவேதானா? பின்னது உள்ளே இருப்பதைப் பார்க்காது. இரண்டு பெயர்களும் நினைவகத்தில் ஒரே பொருளைக் காட்டுகின்றனவா, அவ்வளவுதான்.

புரோட்டோகால் என்ற வேலை ஒப்பந்தம் நடுவில் வந்தால்தான் தகராறு. எங்கள் ஆப்பில், பால் விலை மாறினால் சேதி போக வேண்டிய திரைகளை ஒரு பட்டியலில் வைத்திருக்கிறோம். பட்டியலின் வகை ஒரு புரோட்டோகால். திரை மூடும்போது தன்னைத் தேடி நீக்க வேண்டும். அங்கே === போட்டால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒத்துக்கொள்ளாது. அதன் பக்கம்தான் நியாயம். என்னென்ன வேலை தெரியும் என்பதைத்தான் புரோட்டோகால் சொல்கிறது. வேலை செய்வது கிளாஸா, ஸ்ட்ரக்டா என்று சொல்வதில்லை. கிளாஸ் கைமாறினாலும் பொருள் ஒன்றேதான். ஸ்ட்ரக்ட் ஜெராக்ஸ் மாதிரி, கைமாறினால் இன்னொரு பிரதி. அதனிடம் போய் அதுவேதானா என்று எப்படிக் கேட்பது?

இரண்டில் எது வருமென்று தெரியாததால் ஸ்விஃப்ட் நினைவகத்தில் பெரிய பெட்டியாக ஒதுக்குகிறது. 64 பிட் கணினியில் 40 பைட்: மதிப்புக்கு மூன்று அறை, வகை விவரத்துக்கு ஒன்று, செயல்களின் அட்டவணைக்கு ஒன்று. புரோட்டோகால் பெயருக்குப் பின்னால் எனிஆப்ஜெக்ட் என்று சேர்த்துவிட்டால் கிளாஸ் மட்டுமே உள்ளே வர முடியும். பெட்டி 16 பைட்டாகச் சுருங்கும்: பொருளின் முகவரி, அட்டவணை. முகவரி கிடைத்ததும் === வேலை செய்கிறது. வீக் டெலிகேட்டுக்காக, அதாவது சேதி பெறும் பொருளைப் பிடித்து வைக்காமல் சுட்டிக்காட்ட மட்டும், இதைப் பலர் ஏற்கெனவே எழுதியிருப்பார்கள்.

புரோட்டோகாலைத் தொடாமல், ஒப்பிடும் இடத்தில் மட்டும் எனிஆப்ஜெக்டாக மாற்றும் குறுக்குவழியும் உண்டு. எனக்குப் பிடிக்காது. உள்ளே ஸ்ட்ரக்ட் இருந்தால் ஸ்விஃப்ட் அதற்குப் புதுப் பெட்டி கட்டிக் கொடுக்கும். தன்னையே தன்னோடு ஒப்பிட்டாலும் 'இல்லை' என்று வரலாம். கம்பைலரும் வாயைத் திறக்காது.

அப்புறம், பொருளின் அடையாளத்தை, சாவி கொடுத்தால் மதிப்பு தரும் டிக்‌ஷனரியில் சாவியாக வைக்க ஆப்ஜெக்ட்ஐடென்டிஃபையர் இருக்கிறது. அது ஸ்டாண்ட் டோக்கன். வண்டி உள்ளே நிற்கும்வரை 17 என்னுடையது. நான் கிளம்பினால் அதே 17 அடுத்தவர் கையில். பொருள் அழிந்ததும் அதன் முகவரியும் அப்படித்தான் இன்னொன்றுக்குப் போகலாம். அதனால் பொருள் போகும்போதே டிக்‌ஷனரியிலிருந்து அந்தச் சாவியையும் எடுத்துவிடுகிறேன்.