மாற்றிய கியர்பாக்ஸும் ஏன் நழுவுகிறது?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஆட்டோமேட்டிக் காரின் எஞ்சின் சுற்று சரசரவென்று ஏறியும் வேகம் கூடவில்லையென்றால், கியர்பாக்ஸுக்குள் எஞ்சினின் விசையைக் கடத்தும் கிளட்ச் பிளேட்டுகள் நழுவுகின்றன என்று பொருள். "வண்டி இரையுது, இழுக்க மாட்டீங்குது" என்று பொள்ளாச்சிப் பட்டறைகளில் இதைச் சொல்வார்கள். கியர்பாக்ஸை அப்போதுதான் மாற்றியிருந்தால், புதிதாக வந்த பெட்டியே பழுது என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதை மீண்டும் இறக்கும் முன் பார்க்க வேண்டியவை பல உண்டு.

இந்த கியர்பாக்ஸில் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தமே. பம்ப் தரும் அழுத்தத்தை வால்வுகளும், மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டுகளும், பிளேட்டுகளை அழுத்தும் உரிய பிஸ்டனுக்கு அனுப்புகின்றன; அழுத்தம் குறைந்தால், பழுதில்லாத பிளேட்டும் நழுவி, உரசிச் சூடாகிக் கருகும்.

பொருத்தியபின் எஞ்சினை இயக்கியதும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய்வழி இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரும், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரும், குழாய்களும் எண்ணெயை வாங்கிக்கொள்வதால், முதலில் ஊற்றிய அளவு போதாமற்போகும். பெரும்பாலான வண்டிகளில், லீவரை எல்லா நிலைகளுக்கும் நகர்த்தி, எஞ்சின் ஓடும்போதே, தயாரிப்பாளர் குறித்த வெப்பநிலையில் அளவு பார்க்க வேண்டும். எண்ணெய் மிகுந்தாலும் நுரைத்து அழுத்தம் குலையும். கையேடு சொல்லாத ரக எண்ணெயை ஊற்றினால் பிளேட்டுகளின் உராய்வுத் தன்மையே மாறிவிடும்.

பழைய பெட்டியின் கருகிய தூளும் உலோகப் பொடியும் கூலரில் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் இணைத்தால் அவை புதிய வால்வுகளில் சிக்கும். கன்வெர்ட்டர் பம்பில் முழுமையாக அமர்வதற்கு முன் போல்ட்டை முறுக்கினால் பம்பே உடையக்கூடும். தேய்ந்த பழைய பிளேட்டுகளுக்கேற்ப, கியர்பாக்ஸை இயக்கும் கணினி கற்றிருந்த மதிப்புகளையும் ஸ்கேனரால் அழித்து, புதிதாகக் கற்கவைக்க வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் நழுவினால், ஊகத்தை விட அழுத்தமானியையே நான் நம்புவேன். எல்லாக் கியர்களிலும் அழுத்தம் குறைந்தால் எண்ணெய், வடிகட்டி, பம்ப் ஆகியவற்றையும், அழுத்தத்தை நெறிப்படுத்தும் வால்வையும் சந்தேகிக்கலாம். ஒரே கியரில் மட்டும் நழுவினால் அந்தக் கிளட்ச்சில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தையோ சோலனாய்டையோ பார்க்க வேண்டும். சோதனை முடியும்வரை வண்டியை மலையேற்றக் கூடாது. வடித்த எண்ணெய் கறுத்துக் கருகல் நெடி அடித்தால், பிளேட்டுகள் ஏற்கெனவே கெட்டிருக்க வாய்ப்பு மிகுதி. அப்போது பெட்டியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.